ஸ்பேசர் போட்டு டிராக் அகலத்தைக் கூட்டினால் வளைவில் கார் உண்மையிலேயே நன்றாக நிற்குமா?

வேளிமலை (தக்கலை) கேட்டது:

வணக்கம். என்னிடம் ஈ89 வகையைச் சேர்ந்த பி.எம்.டபிள்யூ இசட்4 35ஐ இருக்கிறது. கேரளத்தில் ஓடிய வண்டி. வாங்கிய பின் டிஎன் 75 எண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18 அளவில், காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் டயர்கள் உள்ளன. அன்றாட அலைச்சலுக்கு இதை எடுப்பதில்லை. விடுமுறை நாள்களில் போக்குவரத்துக் குறைவாக இருக்கும் அதிகாலையில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கமும், சில வேளைகளில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி வரையும் ஓட்டுவது வழக்கம்.

இரண்டு குறைகள் என்னை உறுத்துகின்றன. ரப்பர் தோட்டங்களுக்கு இடையே வரும் இறுக்கமான வளைவுகளில், ஸ்டீயரிங்கைப் போதுமான அளவு திருப்பிய பிறகும் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. அடுத்தது, முப்பந்தல் காற்றாலைப் பகுதியில் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டி ஒரே தடத்தில் நிற்காமல் அலைகிறது.

நண்பர்கள் பலரும் சொல்லும் ஒரே தீர்வு ஸ்பேசர்தான். சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவே ஒரு தட்டை வைத்துச் சக்கரங்களை வெளியே தள்ளினால், கால்களை அகட்டி நிற்பவனைத் தள்ளிவிட முடியாததைப் போல வண்டி அசையாமல் நிற்கும் என்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் போடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் லேத் வைத்திருக்கும் ஒருவர், கடையில் வாங்கும் விலையில் கால் பங்குக்கு அலுமினியத்தில் கடைந்து தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

டிராக் அகலம், அதாவது ஒரே அச்சிலுள்ள இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம், கூடுவதால் கையாளுமையில் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? மூக்கு ஒதுங்குவதைக் குறைக்க முன்சக்கரங்களுக்கு மட்டும் போடலாமா? லேத்தில் கடைந்ததை நம்பலாமா? களியக்காவிளையைத் தாண்டிப் போகும்போது கேரளத்தில் மறித்து அபராதம் போடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சுக்கோடு (நாகர்கோவில்) எழுதியது:

வணக்கம் வேளிமலை. உங்கள் முதல் கேள்விக்கு ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகிவிடும்.

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் மேலுள்ள சுமையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. டயரின் பிடிமானம் சுமைக்குச் சமவீதத்தில் கூடுவதில்லை. வெளிச்சக்கரம் பெறுவதைவிட உள்சக்கரம் இழப்பது அதிகம். அதனால் இந்தச் சுமை மாற்றம் குறையக் குறைய மொத்தப் பிடிமானம் கூடும். அகலமான டிராக் நல்லது என்று சொல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான், அதில் தவறில்லை. அளவைத்தான் பார்க்க வேண்டும். வண்டியின் எடையை 1500 கிலோ என்றும், ஈர்ப்பு மையத்தின் உயரத்தை 50 சென்டிமீட்டர் என்றும், டிராக்கை 1.5 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 0.8 ஜி விசையில் (புவியீர்ப்பின் 0.8 மடங்கு) வளைவை எடுத்தால் 1500 × 0.8 × 0.5 ÷ 1.5, அதாவது 400 கிலோ சுமை இடம் மாறும். பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் வீதம் நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பேசர் போட்டால் டிராக் 1.53 மீட்டராகும், அப்போது மாறும் சுமை 392 கிலோ. ஆதாயம் முழு வண்டிக்கும் சேர்த்து எட்டே கிலோ. வண்டியின் ஈர்ப்பு மையத்தை ஒரு சென்டிமீட்டர் தாழ்த்தினாலும் இதே எட்டு கிலோ கிடைத்துவிடும். பேச்சிப்பாறை சாலையில் 0.8 ஜி விசையில் வளைவெடுப்பது பொறுப்பான ஓட்டுநர் செய்யும் காரியமல்ல என்பதால், உங்களுக்குக் கிடைப்பது இதைவிடவும் குறைவு.

முன்சக்கரங்களுக்கு மட்டும் போடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் நினைப்பதற்கு மாறான விடை வருகிறது. உங்கள் வண்டியின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை. ஸ்பிரிங் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஆகவே ஸ்பேசரால் ஸ்பிரிங்கின் நெம்பு விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் வண்டி சாய்வதை முன் அச்சு எதிர்க்கும் வலு, டிராக்கின் வர்க்கத்தைப் பொறுத்தது. டிராக் 2 சதவீதம் கூடினால் அந்த வலு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது. எனவே சாய்க்கும் விசையில் முன் அச்சு முன்பைவிடப் பெரிய பங்கைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. அகலம் கூடியதால் வந்த குறைவையும் பங்கு கூடியதால் வந்த ஏற்றத்தையும் நேர்செய்து பார்த்தால், முன்சக்கரங்களுக்கு இடையிலான சுமை மாற்றம் ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கிறது. வண்டி சாய்வதற்கு மையமாக நிற்கும் ரோல் சென்டர் என்ற புள்ளி வழியாகச் செல்லும் பங்கில் மட்டும் சிறிது குறையும். பின் அச்சுக்குத்தான் வேலை இலேசாகிறது. அப்படியானால், மூக்கு ஒதுங்குவதைச் சரிசெய்ய முன்னால் மட்டும் ஸ்பேசர் போடுகிறவர், தான் எதிர்பார்த்த இடத்தில் பலனைப் பெறுவதில்லை.

ஆதாயம் இவ்வளவு சிறியது, இழப்பு சிறியதல்ல. ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் ஒரு சாய்ந்த கற்பனை அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுவுக்கும் உள்ள பக்கவாட்டுத் தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்கிறோம். இது பெரும்பாலான கார்களில் மில்லிமீட்டர்களில் எண்ணக்கூடிய சிறிய அளவு. 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால், அந்த 15 மில்லிமீட்டரும் முழுமையாக இந்தத் தூரத்தில் போய்ச் சேர்கிறது. டிராக்கில் 2 சதவீதமாகத் தெரிந்த அதே மாற்றம் இங்கே பல மடங்காகத் தெரியும்.

இதன் விளைவை நம் மாவட்டத்துச் சாலைகள் உடனே காட்டிக்கொடுக்கும். மணக்குடியிலோ தேங்காப்பட்டணத்திலோ கடலோரச் சாலையில் இடது ஓரம் முழுக்க மணல் படிந்திருக்கும். மழைக்குப் பின் குலசேகரம் பக்கம் செம்மண்ணும் ரப்பர் இலையும் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். இடது சக்கரங்கள் அதன் மேலும் வலது சக்கரங்கள் தாரின் மேலும் இருக்கும்போது பிரேக்கை மிதித்தால், பிடி அதிகமுள்ள வலப்பக்கம், அதாவது எதிரே வரும் வண்டிகளின் பக்கம், கார் இழுக்கப்படும். ஸ்க்ரப் ரேடியஸ் வெளிப்பக்கமாகக் கூடியிருந்தால், ஸ்டீயரிங்கும் அதே திசையில் தானாகத் திரும்ப முயன்று அந்த இழுப்பை வளர்க்கும். தொழிற்சாலையில் இந்த அளவை நிர்ணயித்தவர்கள் இப்படிப்பட்ட நேரங்களை மனத்தில் வைத்தே நிர்ணயித்திருக்கிறார்கள். எட்டு கிலோவுக்காக அதைக் கலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முப்பந்தல் காற்றுக்கும் ஸ்பேசர் மருந்தல்ல. பக்கக்காற்றில் வண்டி அலைவது உடலமைப்பின் மேல் காற்று எங்கே அழுத்துகிறது என்பதையும், சக்கரங்களின் டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) ஆகியவற்றையும் பொறுத்தது.

பட்டறை (குழித்துறை) எழுதியது:

தம்பி, மேலே எழுதியவரின் கணக்கை நான் பட்டறைப் பக்கமிருந்து ஒப்புக்கொள்கிறேன். லேத்தில் கடைவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

லேத் வேலைக்காரர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குக் கிடைக்கும் அலுமினியம் என்ன வகை என்பது அவருக்கே தெரியாது. வார்ப்பு அலுமினியத்தில் கடைந்த தட்டு, சாலைக் குழிகளின் அடியைத் தொடர்ந்து வாங்கும்போது விரிசல் விடும். நல்ல நிறுவனங்கள் இன்ன தரம் என்று குறிப்பிட்ட, வெப்பப்பதம் செய்த உலோகக் கலவையில்தான் ஸ்பேசர் செய்கின்றன. அடுத்து, தட்டின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். ஒரு முகத்தைக் கடைந்துவிட்டுத் திருப்பிப் பிடிக்கும்போது லேத்தின் பிடிப்பானான சக்கில் சிறிது சாய்ந்தாலும், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஆடும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அந்த அதிர்வு போகாது.

உங்கள் வண்டியின் ஐந்து போல்ட்டுகளும் 120 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன, நடுத்துளை 72.6 மில்லிமீட்டர். ஸ்பேசரின் உள்பக்கம் ஹப்பின் நடு விளிம்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். அதன் வெளிப்பக்கத்தில் சக்கரத்தின் நடுத்துளை உட்கார அதே அளவில் இன்னொரு விளிம்பு இருக்க வேண்டும். இந்த விளிம்பு இல்லாத வெறும் தட்டை எவரும் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதில் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் போல்ட்டுகளின் மேல் விழுகிறது.

இந்த வண்டியில் ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் ஸ்டட் கிடையாது, போல்ட்தான். 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் என்றால் போல்ட்டும் பழையதைவிடச் சரியாக 15 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஹப்புக்குள் போதிய புரி பிடிக்காது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்12 போல்ட்டில் புரிக்குப் புரி 1.5 மில்லிமீட்டர் என்பதால் குறைந்தது எட்டுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். கூடினால் ஹப்பின் பின்பக்கம் துருத்தி, அங்கே இருக்கும் பாகங்களில் உரசும். போல்ட் தலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பி.எம்.டபிள்யூவுக்குக் கூம்பு வடிவம். ஃபோக்ஸ்வாகன், ஆடி, போர்ஷே வண்டிகளுக்கு உருண்டை வடிவம். இரண்டையும் மாற்றிப் போட்டால் இறுக்கியது போலத் தோன்றும், ஆனால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். மாட்டும்போது ஏர் கன் கொண்டு அடிக்கக் கூடாது; டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்துக் குறுக்கு வரிசையில் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, அது உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் நிற்கும் வண்டிகளில் எஃகு ஹப்பும் அலுமினியத் தட்டும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, இரண்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. பஞ்சரான நேரத்தில் அந்தத் தட்டைத் தனியே கழற்ற முடியாது. மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். போல்ட் துளையின் ஓரத்தில் நகத்தால் தடவினால் மட்டுமே அகப்படும் சிறு துருச்செதில்கூடத் தட்டைச் சாய்த்து உட்கார வைத்துவிடும்.

களியக்காவிளை வழி எழுதியது:

சட்டத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கு ஸ்பேசரைப் பற்றியதல்ல, ஆனால் அதற்குப் பிறகு மாற்றங்களை அதிகாரிகள் பார்க்கும் பார்வை கடுமையாகிவிட்டது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்தி நிற்கும் வண்டி, களியக்காவிளையைத் தாண்டிய பிறகு வாகனத் துறையினர் கண்ணில் பட்டால் தப்பாது. உங்கள் பின்டயர் 255 அகலம் என்பதால் அங்கே இடைவெளி ஏற்கெனவே குறைவாக இருக்கும். விபத்து ஏற்பட்டால் காப்பீட்டு நிறுவனம் எழுப்பப்போகும் கேள்வியையும் நினைத்துப் பாருங்கள்.

செட்டிபாளையம் ஞாயிறு எழுதியது:

நான் இரணியலைச் சேர்ந்தவன், வேலை கோயம்புத்தூரில். அங்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டும் பழக்கம் உண்டு. ஸ்பேசர் என்றாலே கூடாது என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். போர்ஷே நிறுவனமே பல மாடல்களுக்கு 5 மில்லிமீட்டர் ஸ்பேசரைத் தன் துணைப்பொருளாக விற்கிறது. அகலமான டயர் போடும்போது அதன் உள்பக்கம் ஸ்ட்ரட்டில் உரசாமல் இருக்கவும், பெரிய பிரேக் காலிப்பருக்குச் சக்கரத்தின் ஆரங்கள் இடம் விடவும் ஸ்பேசர்தான் கைகொடுக்கிறது. என் வண்டியில் முன்னால் போட்டிருக்கிறேன். வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் கூர்மையாகத் திரும்புவதைக் கையால் உணர்கிறேன். கணக்கில் வராத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே என் எண்ணம். ஸ்பேசருக்குப் பதிலாக ஆஃப்செட் (ஹப்பில் பொருந்தும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) குறைந்த சக்கரங்களை வாங்கினால் மேலே சொன்ன குறைகள் வராது என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அச்சுக்கோடு (நாகர்கோவில்) எழுதியது:

டயரும் காலிப்பரும் உரசாமல் இருக்க 5 மில்லிமீட்டர் போடுவதை நான் மறுக்கவே இல்லை. அங்கே தேவை ஒன்று இருக்கிறது, தீர்வும் அதற்கு அளவாக இருக்கிறது. நீங்கள் கையில் உணர்வது உண்மைதான், ஆனால் அது பிடிமானம் கூடியதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஸ்க்ரப் ரேடியஸ் கூடும்போது சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஸ்டீயரிங்குக்கு அதிகமாக வந்து சேர்கிறது. ஸ்டீயரிங் கனமாகி, உயிரோடு பேசுவது போல இருக்கும். செட்டிபாளையத்தின் வழவழப்பான தளத்தில் அது இனிய அனுபவம்; தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் நெடுஞ்சாலையின் ஒட்டுப்போட்ட தாரில் அதுவே கையைப் பிடித்து இழுக்கும். கூர்மை கூடியதா என்பதை அறிய ஒரே வழி, அதே டயர், அதே காற்றழுத்தத்தோடு ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அதே நாளில் சுற்று நேரத்தை ஒப்பிடுவதுதான்.

ஆஃப்செட் குறைந்த சக்கரத்தைப் பற்றிய கருத்து பரவலாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. சக்கரத்தின் நடுக்கோடு 15 மில்லிமீட்டர் வெளியே போனால் போனதுதான்; தட்டால் போனாலும் சக்கரத்தின் வார்ப்பிலேயே போனாலும் ஸ்க்ரப் ரேடியஸும் வீல் பேரிங் தாங்கும் நெம்புவிசையும் ஒரே மாதிரி மாறும். நடுவில் ஒரு கூடுதல் இணைப்பு இல்லை என்பது மட்டுமே அதில் கிடைக்கும் நன்மை.

வேளிமலை (தக்கலை) எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு கிலோ என்ற கணக்கைப் பார்த்த பிறகு ஸ்பேசர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். ஆனால் மூக்கு ஒதுங்குவதும் காற்றில் அலைவதும் அப்படியேதான் இருக்கின்றன. குழித்துறை அண்ணாச்சி, இந்தப் பணத்தை எதில் போட்டால் வண்டி திருந்தும் என்று சொல்வீர்களா? கடைசியாக அலைன்மென்ட் செய்த தாளில் முன்சக்கரங்களின் டோ அளவு இடமும் வலமும் வேறுவேறாக இருந்தது. அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பட்டறை (குழித்துறை) எழுதியது:

தம்பி, டோ வேறுவேறாக இருப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேசியிருக்கவே வேண்டாம். காற்றில் அலைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

ஆனால் நேராக அலைன்மென்டுக்குப் போகாதீர்கள். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன்சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கைகளின் புஷ்களை, அதாவது இணைப்பிலுள்ள ரப்பர் உருளைகளை, பாருங்கள். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, எண்ணெய் போலக் கறுப்பாகக் கசிந்திருக்கிறதா, நெம்புகோலை வைத்து மெதுவாக அழுத்தினால் கை முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புஷ் தளர்ந்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால், எந்திரத்தில் நிற்கும்போது சரியாகக் காட்டும். சாலையில் பிரேக் பிடித்ததும் அளவு மாறிவிடும்.

பிறகு டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நம் வெயிலில் அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர், பள்ளம் தேயாமலே இறுகிப்போகும். முன்டயர்கள் அப்படி இறுகியிருந்தால் மூக்கு ஒதுங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாற்றுவதாக இருந்தால், ரன்-பிளாட்டை விட்டுவிட்டுச் சாதாரண டயருக்கு வருவதைப் பரிசீலியுங்கள்; பக்கச்சுவர் மென்மையாக இருப்பதால் கரடுமுரடான வளைவில் டயர் தரையை விடாமல் பிடிக்கும். ஆனால் அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, அதனால் காற்றடிக்கும் கருவியும் பஞ்சர் அடைக்கும் திரவமும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். நான்கையும் ஒரே வகையாகப் போடுங்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலக்க வேண்டாம்.

இவை முடிந்த பின் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். எரிபொருளை நிரப்பி, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு இருக்கை வண்டியில் ஒருவர் ஏறினாலே அளவு மாறுகிறது. முன் கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு, தொழிற்சாலை வரம்புக்குள் எதிர்மறைப் பக்கம் (மேல்முனை உள்ளே சாயும்படி) எவ்வளவு போகுமோ அவ்வளவு வையுங்கள், இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். அந்தத் தாளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.